சமையலறைச் சுவரில் ஒரு ஜன்னல்

ஜனவரி 11

அன்புள்ள ஏணிக்கு,

நலம். நீயும் நலமாகவே இருப்பாய். இல்லையென்றால் எதிர்வீட்டுக்காரி இதற்குள் எனக்குச் சொல்லியிருப்பாள்.

நான் இன்டீரியர் டிசைனரை வீட்டை விட்டுத் துரத்திவிட்டேன், அந்தப் பெண் அழுதுகொண்டே தெருவில் போனாள் என்று அவள் உனக்குப் போனில் சொன்னாளாம். இரண்டும் தவறு. நடந்ததை எழுதுகிறேன்.

அந்தப் பெண் மாதிரிக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்தாள். கிண்ணம் போல் குழிந்தது, தரையோடு தரையாக இருந்தது. "இப்ப எல்லா வீட்லயும் இதுதான் மேடம்" என்றாள்.

"அப்படியா? உட்காரும்மா" என்றேன். உட்கார்ந்தாள்.

"இப்போ கையை ஊன்றாம எழுந்திரு, பார்க்கலாம்."

இரண்டு முறை முயன்றாள். மூன்றாம் முறை பக்கவாட்டில் உருண்டாள். முதலில் அவள் சிரித்தாள், பிறகு நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் வழிந்தது. அந்த முகத்தோடுதான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் கைப்பிடி வைத்த நேரான நாற்காலியோடு வந்தாள். வாய் திறக்கும் முன் பையிலிருந்து டேப்பை இழுக்கிற வழக்கம் அவளுக்கு. ஆகவே அளவுக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவளுக்கு இந்தப் பெயர் தெரியாது.

இந்த வயதில் வீட்டைப் புதுப்பிப்பானேன் என்று நீயும் கேட்பாய். கூரை ஒழுகுகிறது, குழாய்கள் துருப்பிடித்துவிட்டன, மின்கம்பிகளைப் பார்த்தால் எலக்ட்ரீஷியன் கையெடுத்துக் கும்பிடுகிறார். அத்தோடு கீழே உன் அண்ணனின் அலுவலக அறையைப் படுக்கையறையாக மாற்றுகிறேன். விருந்தினர் யாராவது வந்தால் மாடிப்படி ஏறாமல் தங்கலாம்.

ஒரு தகவல் வேண்டும். உன் அலமாரியில் ஸ்டூல் போடாமல் எந்தத் தட்டு வரை உன் கை எட்டும்? தரையிலிருந்து அளந்து எழுது. உயரமான ஒருவரின் அளவை அளவுக்காரி கேட்கிறாள். நம் குடும்பத்தில் உயரம் என்றால் நீதான்.

போனில் கூப்பிடாதே. போனில் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன், கடைசியில் அளவு மட்டும் கிடைக்காது.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

*

ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நீங்களாக எழுத மாட்டீர்கள் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

அண்ணன் எனக்கு வைத்த பட்டப்பெயரை இன்னும் விடாமல் காப்பாற்றி வருவது நீங்கள் ஒருவர்தான். ஏணி என்று கடித உறையின் மேலேயே எழுதிவிட்டீர்கள். எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன், "அம்மா, ஏணிக்கு லெட்டர் வந்திருக்கு, நம்ம கட்டடத்துல ஏணி யாருன்னு தெரியலை" என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

விருந்தினர் அறையா? உங்கள் வீட்டிலா? இரண்டாம் நாள் காலையில் விருந்தாளியின் பெட்டியைத் துடைத்து வாசலருகே வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சோன்னு நினைச்சேன்" என்று பணிவோடு கேட்கிற என் அண்ணியா விருந்தினர் அறை கட்டுகிறார்? யார் அந்தப் புண்ணியவான்?

கேட்ட அளவைத் தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். மேல் தட்டு வரை எட்டும். அன்றைக்கு இருந்த உயரம்தான் இன்றைக்கும்.

என் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. நான் இருக்கும் ஃபிளாட்டை உரிமையாளர் விற்கப்போகிறார். ஜூன் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். வருத்தப்பட ஒன்றும் இல்லை. இவர் போனதிலிருந்து இரண்டு படுக்கையறையை ஒருத்திக்காகப் பெருக்குவது எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் இருந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து தினமும் கூப்பிடுகிறான். "இங்க வந்துடும்மா, வீட்டை இப்பதான் டிசைனர் வெச்சுப் புதுசா பண்ணியிருக்கோம், உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு" என்கிறான். மார்ச்சில் போய் இருந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

உங்கள் விருந்தினருக்காக ஒரு யோசனை. அலுவலக அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஒரு ஜன்னல் வையுங்கள். அண்ணன் இருந்த காலத்தில் அந்த அறையிலிருந்து காப்பிக்குக் குரல் கொடுப்பார், நீங்கள் காதில் விழாதது போல் இருப்பீர்கள், நான் நடுவில் ஓடி ஓடித் தூது போவேன். ஜன்னல் இருந்திருந்தால் என் கால் பிழைத்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 6

அன்புள்ள ஏணிக்கு,

முழங்கால் அதன் இடத்தில்தான் இருக்கிறது. உனக்கு இருமல் இருந்ததே, விட்டதா?

உன் யோசனை நடக்காது. அந்தச் சுவர் ஒன்றரை முழத்துக்கு மேல் தடிமனான சுண்ணாம்புச் சுவர். மாடி முழுவதும் அதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஓட்டை போட்டால் மாடி சமையலறைக்குள் வந்துவிடும். அது ஒரு பக்கம் இருக்கட்டும், சமையலறை வேலை செய்யும் இடம். பேசிக்கொண்டே சமைத்தால் உப்பு இரண்டு முறை விழும். எங்கள் கான்வென்டில் சமையல் வகுப்பு நடக்கும்போது சிஸ்டர் சுவரில் எழுதி மாட்டியிருந்த ஒரே சொல் 'மௌனம்'. அவர் வகுப்பில் யாருக்கும் கை சுட்டதில்லை.

உன் மகன் வீடு நன்றாகத்தான் இருக்கும். அங்கே குளிர் அதிகம் என்று கேள்வி. உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. கம்பளி எடுத்துக்கொண்டு போ.

அளவுக்காரி இரண்டு கேள்வி கேட்கிறாள். படுக்கையை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று தீர்மானிக்க வேண்டுமாம். பொதுவாகக் காலையில் எழும்போது ஒருவர் எந்தப் பக்கமாகக் காலை இறக்குவார்? உதாரணத்துக்கு, நீ எந்தப் பக்கம்? சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம்? நான் சாம்பல் கலந்த வெள்ளை என்று சொல்லியிருக்கிறேன். கண்ணை உறுத்தாது, எத்தனை வருடமானாலும் அழுக்குத் தெரியாது.

அறையில் உன் அண்ணனின் மேசையை மட்டும் வைத்துக்கொள்கிறேன். வார்னிஷைச் சுரண்டியதில் அடியில் நல்ல மரம் தெரிகிறது. மேசையின் கால்களைச் சற்றுக் குறைக்கட்டுமா என்று தச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன். உட்காருகிறவர் உயரமானவர்.

ஊருக்குப் புறப்படும் முன் பதில் போடு.

அண்ணி

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. பெட்டி கட்டும் அவசரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இடது பக்கமாகத்தான் இறங்குவேன். வலது பக்கம் இறங்கினால் அன்றைக்கு முழுவதும் யாரோடாவது சண்டை வரும்.

சாம்பல் கலந்த வெள்ளையா? ஆஸ்பத்திரிக்கா அடிக்கிறீர்கள்? மஞ்சள் அடியுங்கள். வெளிர் மஞ்சள் இல்லை, எலுமிச்சம்பழ மஞ்சள். உள்ளே நுழைகிறவர் கண்ணைக் கசக்க வேண்டும். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். இத்தனை வருடத்தில் நான் சொன்ன எதையாவது கேட்டிருக்கிறீர்களா? திரைச்சீலைக்குப் பச்சை சொன்னேன், பழுப்பு வாங்கினீர்கள். சோபாவுக்குப் பூப்போட்ட துணி சொன்னேன், கோடு போட்டது வாங்கினீர்கள். ஆனாலும் சொல்லி வைக்கிறேன், சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

மகனின் முகவரியைப் பின்புறம் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து உறை மேல் ஏணி என்று எழுதாதீர்கள். மருமகள் என்ன நினைப்பாள்!

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். தூசியில் நிற்காதீர்கள்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 9

அன்புள்ள நாத்தனாருக்கு (உறைக்குள் ஏணி என்றே படித்துக்கொள்),

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? உன் மகன், மருமகள் இருவருக்கும் என் அன்பு.

வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. அலுவலக அறையின் தரையில் உன் அப்பா காலத்துச் சிமெண்ட் பூச்சு விரிசல் விட்டிருந்ததால் எடுத்துவிடச் சொன்னேன். கொத்தனார் ஒரு மூலையில் உளியை வைத்துத் தட்டினார். ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து வந்தது. அடியில் நீலமும் சிவப்புமாகப் பூப்போட்ட தரை ஓடு தெரிந்தது. அளவுக்காரி மண்டியிட்டுத் துப்பட்டாவாலேயே அதைத் துடைத்தாள். "மேடம், இது முழுக்க இருக்கும் மேடம்! யாரு மேடம் இதைப் போய் மூடினது?" என்று கத்தினாள். "இந்த வீட்ல பிறந்தவங்க" என்றேன். அன்று மாலை வரை எல்லோரும் தரையில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பெயர்த்தோம். நானும் உட்கார்ந்தேன். என்னை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், அந்தக் கிண்ண நாற்காலியே தேவலாம் என்று தோன்றியது. ஒரு மூலையில் நாலு ஓடுதான் உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தில் படுக்கை வரும்.

சுவருக்கு மஞ்சள் அடித்தாயிற்று. சாம்பல் வெள்ளை டப்பா கடையில் கிடைக்கவில்லை. எலுமிச்சை மஞ்சள்தான் இருந்தது. பெயிண்டர் முதல் கை அடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இன்னும் ஒரு கை அடிக்கணும், சுவர் தெரியுது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கண்ணைக் கசக்கினேன்.

இன்று ஓர் எஞ்சினியர் வந்து சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். சும்மா பார்க்கத்தான் வந்தார்.

குளிர் எப்படி இருக்கிறது? எழுது.

அண்ணி

*

மார்ச் 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். நீ நலமா என்று போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன்.

பதில் வரவில்லை என்பதற்காக இதை எழுதுவதாக நினைக்காதே. குழாயைப் பற்றி ஒரு சந்தேகம். குளியலறையில் திருகும் குழாய் வைப்பதா, தூக்கினால் தண்ணீர் வரும் கைப்பிடி வைப்பதா? அளவுக்காரி இரண்டையும் காட்டினாள். நான் முடிவு எடுக்காமல் வைத்திருக்கிறேன். பிளம்பர் மூன்று முறை வந்து போய்விட்டார். என்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்கிறவர் அவர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார்.

அலமாரி முடிந்துவிட்டது. நீ கொடுத்த அளவில் மேல் தட்டு, துணி மாட்டும் கம்பி எல்லாம் அடித்தாயிற்று. மேல் தட்டில் என்ன இருக்கிறது என்று என்னால் பார்க்கக்கூட முடியவில்லை. அளவுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மேடம், நீங்க இதுல எப்படி..."

"நான் இதுல இல்லை."

"அப்ப யாரு மேடம் தங்கப்போறாங்க?"

"விருந்தினர்."

"எவ்வளவு நாளைக்கு மேடம்? ஏன்னா ரெண்டு நாள் தங்கறவங்களுக்கு யாரும் தேக்குல அலமாரி செய்ய மாட்டாங்க."

நல்ல பெண், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். இந்த வீட்டில் அப்படி ஒருத்தி முன்பே இருந்தாள் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

தபால்காரர் இப்போது பதினோரு மணிக்கு வருகிறார். முன்பெல்லாம் பன்னிரண்டு ஆகும். தற்செயலாகக் கவனித்தேன்.

பேரப்பிள்ளைகளோடு வெளியே எல்லாம் போய்வருகிறாய் என்று நினைக்கிறேன். நல்லது.

அண்ணி

*

ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னித்துவிடுங்கள். உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. திரும்பத் திரும்பப் படித்தேன். பதில் எழுதாததற்குக் காரணம் கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இங்கே எதற்கும் கைப்பிடி கிடையாது. சமையலறை முழுவதும் வெள்ளைச் சுவர். எந்தச் சுவரை அழுத்தினால் எது திறக்கும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. முதல் நாள் ஃபிரிட்ஜைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டே போய்க் குளியலறைக்குள் நின்றேன். மருமகள் தங்கமான பெண், மறுநாளே அங்கங்கே சின்னச் சின்னக் காகிதம் ஒட்டி வைத்தாள். டிசைனர் வந்து பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டானாம்.

விளக்கு இன்னும் விசேஷம். ஆள் நடந்தால் தானே எரியும், அசையாமல் உட்கார்ந்தால் அணைந்துவிடும். நான் மதியம் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன், பட்டென்று அணைந்துவிடும். நான் போய்விட்டேன் என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது! "இருக்கேன், இன்னும் இருக்கேன்" என்று கையை ஆட்டுவேன். பேரன் இதைப் பார்த்துவிட்டுத் தினமும் ஒளிந்திருந்து சிரிக்கிறான். சிரிப்புக்குக் குறைவில்லை. எல்லோரும் பாசமாகத்தான் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டுப் போய்ச் சாயங்காலம் வருகிறார்கள். நடுவில் நானும் விளக்கும்தான்.

இப்போது காரணம். கையை ஆட்டும்போதுதான் மருமகள் கவனித்தாள். "அத்தை, ஏன் எப்பவும் வலது கையையே ஆட்டறீங்க?" என்று கேட்டாள். என் இடது கை தோளுக்கு மேல் தூக்க வராது, அண்ணி. ஒரு வருடமாகவே இப்படித்தான். வலி அதிகம் இல்லை, ஆனால் இரண்டு கையையும் சேர்த்து உயரே எட்டிப் பிடிக்க முடியாது. மேல் தட்டு எட்டும் என்று ஜனவரியில் உங்களுக்கு எழுதியது பொய். ஸ்டூல் போட்டு அளந்தேன். ஏணி என்று கூப்பிடுகிறவரிடம் போய் ஏணிக்கு இரண்டு படி உடைந்துவிட்டது என்று எப்படி எழுதுவது? நீங்களோ அந்த அளவில் தேக்கில் அலமாரியே செய்துவிட்டீர்கள். உங்கள் முதல் கடிதத்துக்கே இதை மறைத்துப் பதில் எழுத மனம் வரவில்லை; அலமாரியைப் பற்றிப் படித்ததும் பேனா எடுக்கவே கை வரவில்லை. உங்கள் விருந்தினர் என்னை விட உயரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மகன் நிரந்தரமாக இங்கேயே இருக்கச் சொல்கிறான். மே மாதக் கடைசியில் அதற்கான மனுவில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் ஃபிளாட்டுக்குத் திரும்புகிறேன்.

தூக்கும் கைப்பிடிக் குழாய்தான் நல்லது. திருக வேண்டியதில்லை.

உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பு.

நாத்தனார்

*

ஏப்ரல் 27

அன்புள்ள ஏணிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே தச்சரை வரச்சொல்லி அலமாரியைக் கழற்றச் சொன்னேன்.

அவர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். அளவுக்காரி டேப்பைக் கூட எடுக்கவில்லை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், போன மாசம் ஆளு உயரம்னீங்க. இப்போ கை எட்டாதுங்கறீங்க. ஒரு மாசத்துல விருந்தினர் குள்ளமாயிட்டாங்களா?"

"உயரம் குறையலை. இடது கை மட்டும் தோளுக்கு மேல வராது."

"சரி. எழுந்திருக்கறது இடது பக்கம், மஞ்சள்னா உயிரு, இடது கை தூக்க வராது. பேரு?"

"ஏணி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் அதை "ஏணியம்மா ரூம்" என்று சொல்கிறார்கள். வெறும் அடையாளத்துக்குத்தான்.

தட்டுகளை எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இறக்கியாயிற்று. மேலே மீதியான இடத்தில் கண்ணாடிக் கதவு போட்டு உன் அண்ணனின் புத்தகங்களை அடுக்கினேன். அவற்றை இனி யாரும் எடுக்கப்போவதில்லை, பார்த்தால் போதும். கை எட்டாததை நீ ஜனவரியிலேயே எழுதியிருந்தால் நல்ல தேக்குப் பலகையில் இத்தனை ஆணித்துளை விழுந்திருக்காது. கோபம் இல்லை. டாக்டரிடம் காட்டினாயா? என்ன சொன்னார்? இதற்கு மட்டும் உண்மையாகப் பதில் எழுது.

சமையலறைச் சுவரை உடைத்துவிட்டோம்.

எஞ்சினியர் இரும்பு உத்தரம் ஒன்றைக் குறுக்கே கொடுத்தார். மாடி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொத்தனார் அறைப் பக்கமிருந்து உடைத்துக்கொண்டே போனார். முதலில் காரை, பிறகு செங்கல், பிறகு ஒரே தூசி. நான் அறைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். கடைசிக் கல் விழுந்ததும் சமையலறையின் கிழக்கு வெளிச்சம் அப்படியே உள்ளே வந்தது. இத்தனை காலமும் பகலில்கூட விளக்குப் போட்டுத்தான் உன் அண்ணன் அந்த அறையில் எழுதினார். வெளிச்சம் ஒரு சுவருக்கு அப்பால்தான் இருந்திருக்கிறது. அந்தத் தூசியில், அந்த மஞ்சள் சுவரில், நீலப் பூத்தரையில் வெயில் விழுந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அளவுக்காரி கை தட்டினாள். கொத்தனார் ஓட்டை வழியாகச் சமையலறைக்குள் தலையை நீட்டி, "காப்பி கிடைக்குமா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். நான் சமையலறைக்குப் போய்ப் போட்டுக் கொடுத்தேன், அந்த ஓட்டை வழியாகவே.

ஜன்னல் காற்றோட்டத்துக்காகத்தான்.

மே கடைசியில் அறை தயாராகிவிடும்.

அண்ணி

*

மே 8

அன்புள்ள அண்ணிக்கு,

என் ஃபிளாட்டிலிருந்து எழுதுகிறேன். டாக்டர் தோளுக்குப் பயிற்சி சொல்லியிருக்கிறார். சுவரில் விரலால் ஏற வேண்டும். ஏணிக்கு ஏறக் கற்றுக்கொடுக்கிறார். இது உண்மை.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படித்தேன். அண்ணி, உங்கள் விருந்தினர் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இடது பக்கம் இறங்குவாள், மஞ்சள் பிடிக்கும், கை எட்டாது, ஓயாமல் பேசுவாள். அவளுக்காக நீங்கள் மாடியைத் தாங்குகிற சுவரையே உடைத்திருக்கிறீர்கள். சாம்பல் வெள்ளை பெயிண்ட் எந்த ஊர்க் கடையில் கிடைக்காது? முதலில் மஞ்சள் என்று படித்ததும் உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்றுதான் பயந்தேன். நான் சொன்னதை நீங்கள் கேட்டுவிட்டீர்களே!

நேற்று மகன் போனில் கேட்டான். "அத்தை உன்னைக் கூப்பிட்டாங்களாம்மா?"

"இல்லைடா" என்றேன்.

"வீட்டையே இடிச்சுக் கட்டறாங்க, கூப்பிடலையா?"

"உங்க அத்தை ஜன்னல் வைப்பாங்க, தரையைப் பெயர்ப்பாங்க, அலமாரியைக் கழற்றி மாட்டுவாங்க. 'வா'ன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க."

அவன் சிரித்தான். பிறகு, "நீ எங்க சந்தோஷமா இருப்பியோ அங்க இரும்மா. நான் வருஷத்துக்கு ஒருதடவை உன்னை அங்க வந்து பார்த்துக்கறேன். ஆனா கையெழுத்துப் போடறியா இல்லையான்னு மாசக் கடைசிக்குள்ள சொல்லிடு" என்றான்.

நான் அந்த வீட்டில் பிறந்தவள். அந்தத் தரையில்தான் தவழ்ந்திருப்பேன், பூ இருந்ததென்று தெரியாமலே. ஆனால் இன்றைக்கு அது உங்கள் வீடு. ஒரு வீட்டுக்குள் அலமாரி அளவைப் பார்த்து நுழைய முடியாது, அண்ணி. வாசல் வழியாகத்தான் வர வேண்டும், கூப்பிட்டால்தான் வர முடியும். எனக்கு ஜன்னல் வேண்டாம். ஒரு வாக்கியம் போதும். அதை எழுத உங்கள் கௌரவம் இடம் கொடுக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், நான் கோபப்படாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன்.

நன்றாகத் தூங்குங்கள்.

உங்கள் நாத்தனார்

*

மே 17

அன்புள்ள ஏணிக்கு,

சுவரில் விரல் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது? தினமும் செய்.

உன் கடிதத்தில் ஒரு தவறு இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும். நான் கூப்பிடாததற்குக் காரணம் கௌரவம் என்கிறாய். எனக்குக் கௌரவம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் காரணம் அது இல்லை. நான் 'வா' என்றால் நீ வந்துவிடுவாய். என்னிடம் முடியாது என்று சொல்லி உனக்குப் பழக்கமே கிடையாது. பச்சைத் திரையைக் கேட்டுவிட்டுப் பழுப்புத் திரையை நீதானே மடித்துத் தைத்துக் கொடுத்தாய்? அவன் உன் ஒரே மகன். அவனையும் பேரனையும் விட்டுவிட்டு, அண்ணி கேட்டுவிட்டாளே என்பதற்காக நீ இங்கே வந்து உட்காரக் கூடாது என்று நினைத்தேன். அறையை வேண்டாம் என்று சொல்வது எளிது. என்னை வேண்டாம் என்று சொல்ல உனக்கு வராது. அதனால் கேட்கிற வேலையை அறையிடம் விட்டேன். அறை ஒழுங்காகவே கேட்டிருக்கிறது என்று உன் கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்று ஜன்னலுக்குக் கதவு மாட்டினார்கள். தச்சர், "தாழ்ப்பாள் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். அளவுக்காரி முந்திக்கொண்டு, "சமையலறைப் பக்கம் போடுங்க. மேடத்துக்கு வேலை செய்யறப்ப பேச்சு பிடிக்காது. வேணாம்னா சாத்திக்கட்டும்" என்றாள். நான் ஐந்து மாதமாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அந்தப் பெண் நினைவில் வைத்திருக்கிறாள்.

"அறைப் பக்கம் போடுங்க" என்றேன்.

"ரெண்டு பக்கமும் போட்டுடலாமா மேடம்?"

"அறைப் பக்கம் மட்டும்."

போட்டாயிற்று. பேசியது போதும் என்று உனக்குத் தோன்றினால் நீ சாத்திக்கொள்ளலாம். என் பக்கத்திலிருந்து அதைச் சாத்த வழி கிடையாது.

நீ கேட்ட வாக்கியம் இது. இங்கே வந்து என்னோடு இரு.

விருந்தினராக இல்லை. உன் பெட்டியை நான் வாசலருகே வைக்கப்போவதில்லை. உன் மகன் வரும்போது தங்க மாடி இருக்கிறது, ஒழுகாத கூரையோடு. நீ கை ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் இங்கே விளக்கு எரியும்.

மகனோடு இருப்பதுதான் உனக்குச் சந்தோஷம் என்றால் கையெழுத்துப் போடு. நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதினால் அது பொய், ஆனால் கோபப்பட மாட்டேன். மஞ்சளும் அப்படியே இருக்கட்டும், எனக்குக் கண் பழகிவிட்டது.

எதுவானாலும் போனில் சொல்லாதே. வருகிறாயா இல்லையா என்று எழுதி அனுப்பு.

அண்ணி